பின்வாசல்: சென்னையின் மேட்டுக்குடி வீடுகளில் சாதிக்கு ஒதுக்கப்பட்ட இடம்



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாகப் பேச வருகிறவர் அவருடைய பௌத்தத்தைப் பற்றியோ, 1907இல் ராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். நான் அவருடைய பாட்டனாரிலிருந்து தொடங்க விரும்புகிறேன். அவர் பெயர் கந்தப்பன். ஹாரிங்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் வீட்டில் பட்லராக இருந்தார். தம் குடும்பத்தில் பாதுகாக்கப்பட்டு வந்த திருக்குறள், நாலடியார் ஏட்டுச் சுவடிகளை அவர் எல்லிஸ் துரையிடம் கொடுத்தார் என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். இந்தச் செய்தியைத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் ஒரு துணுக்காகவே நாம் பெரும்பாலும் மேற்கோள் காட்டுகிறோம். எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அன்றைய சென்னையின் மிக உயர்ந்த வர்க்கத்தின் வீட்டுக்குள் ஒரு பறையர் இருந்தார். சமையலையும் சாப்பாட்டு மேசையையும் அவர்தான் மேற்பார்த்தார். வீட்டுக்காரனிடம் ஏட்டைப் பற்றிப் பேசும் அளவுக்கு அவருக்கு அங்கே இடம் இருந்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் இதே நகரத்தில் உருவான இன்னொரு உயர்ந்த வர்க்கத்தின் வீட்டில், கந்தப்பனின் பேரனைப் போன்ற ஒரு படித்த மனிதர்கூடக் கொல்லைப்புறத்தைத் தாண்டி வந்திருக்க முடியாது. இந்த இடைவெளி எப்படி உருவானது என்பதுதான் இன்றைய பேச்சு.

நகரம் சாதியைக் கரைக்கும் என்பது நம் எல்லோருக்கும் பழகிய நம்பிக்கை. அண்ணல் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தை எவ்வளவு கடுமையாக விமர்சித்தார் என்பது நமக்குத் தெரியும். ஊரைவிட்டு வெளியேறி நகரத்துக்கு வந்ததால்தான் நம் குடும்பங்களில் பலவும் படித்தன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நகரத்தில் ஒரு புதிய மேட்டுக்குடி உருவாகும்போது, தான் மேலானவன் என்பதை அது காட்டியாக வேண்டும். கிராமத்தில் அதை நிலமும் கோயில் மரியாதையும் காட்டிக்கொடுத்தன. நகரத்தில் அந்த வேலையை வீடு செய்தது. எந்த வாசல் வழியாக யார் வருவது, எந்தப் பாத்திரத்தில் யார் குடிப்பது, மலத்தை யார் எந்தச் சந்து வழியாக எடுத்துச் செல்வது என்பதையெல்லாம் வீட்டின் வரைபடமே முடிவு செய்தது.

முதலில் வந்தவர்கள் வெள்ளையர்களும் அவர்களுடைய துபாஷிகளும். 1640 வாக்கில் கோட்டை எழுந்தது. கோட்டைக்கு வடக்கே, இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் இடத்தைச் சுற்றிக் கருப்பர் நகரம் இருந்தது. அதற்கும் வெளியே பெரிய பறைச்சேரி. வலங்கை, இடங்கைச் சாதிகளின் மோதல் முற்றியபோது, 1707-08இல் கவர்னர் தாமஸ் பிட் எந்தத் தெருவில் எந்தப் பிரிவினர் குடியிருப்பது என்று பிரித்து வைத்தார். நகரமயமாதல் என்று பெருமையாகப் பேசப்படும் வரலாற்றின் தொடக்கத்திலேயே தெருவைச் சாதிவாரியாகப் பிரித்த ஆணை ஒன்று இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துரைமார் கோட்டையை விட்டு வெளியேறி, மவுண்ட் ரோட்டை ஒட்டிய வெளியில் தோட்ட வீடுகளைக் கட்டினார்கள். பெரிய தூண்கள், விரிந்த தோட்டம், ஒரு குடும்பத்துக்கு ஒரு பட்டாளம் வேலைக்காரர்கள். சமையல் நடக்கும் குசினி, வீட்டுக்குப் பின்னால் தனிக் கட்டிடமாக இருக்கும். மாட்டிறைச்சியைத் தொட மற்ற சாதியினர் தயங்கியதால் குசினிக்காரர், பட்லர், ஆயா, குதிரைக்காரர் என்று பெரும்பாலும் பறையர்களே அந்த வேலைகளுக்கு வந்தார்கள். பட்டாளத்திலும் அப்படித்தான், மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் நம்மவர் எண்ணிக்கை பெரிது. மாதச் சம்பளம், கொஞ்சம் ஆங்கிலம், துரை எழுதிக் கொடுத்த நற்சான்றுச் சிட்டு. சென்னையின் முதல் தலித் நடுத்தர வர்க்கம் உருவாக இவையும் காரணமாயின.

இதைச் சொல்வதால் வெள்ளையர்களுக்குச் சாதி இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் சாதிப்பெயரை எடுத்துத் தெருநாய்க்கும் ஒதுக்கப்பட்டவனுக்கும் வசைச்சொல்லாக ஆங்கிலத்தில் புழங்கவிட்டவர்கள் அவர்கள்தான். ஆனாலும் அவர்கள் வீட்டில் நாம் தொட்ட சோறு அவர்களுடைய வாய்க்குள் போனது. அடுத்து வந்த மேட்டுக்குடி வீட்டில் அது நடக்கவில்லை.

துபாஷிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இரு மொழி பேசி, வெள்ளையனுக்கும் உள்ளூர் வணிகத்துக்கும் நடுவே நின்று பணம் சேர்த்த இவர்கள் அந்தப் பணத்தைக் கோயிலிலும் சத்திரத்திலும் கொட்டிக் கௌரவம் தேடினார்கள். பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற அறக்கட்டளைப் பணத்தில் 1842இல் பள்ளி தொடங்கியது. பின்னர் அது கல்லூரியானது. அந்தக் கல்வி நிலையத்தின் கதவு ஆதிதிராவிட மாணவர்களுக்கு 1920களின் பிற்பகுதி வரை திறக்கவில்லை. தர்மம் செய்தவர் போய் நூறாண்டுக்கு மேலாகியும் அவருடைய தர்மம் யாருக்கு என்பதைச் சாதி தீர்மானித்துக்கொண்டிருந்தது.

பேச்சின் மையத்துக்கு வருகிறேன். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம். 1862இல் உயர்நீதிமன்றம். இவை இரண்டும் சேர்ந்து ஒரு புதிய வர்க்கத்தை உருவாக்கின. தஞ்சாவூர், கும்பகோணம், திருநெல்வேலி அக்கிரகாரங்களிலிருந்து கிளம்பிய இளைஞர்கள் பி.ஏ., பி.எல். முடித்து மயிலாப்பூருக்கு வந்தார்கள். கிராமத்தில் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் வேலை தொடங்கிய தி. முத்துசாமி அய்யர், சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். வெ. பாஷ்யம் ஐயங்கார், எஸ். சுப்பிரமணிய அய்யர், வி. கிருஷ்ணசாமி அய்யர், பி.எஸ். சிவசாமி அய்யர் என்று லஸ் சுற்றுவட்டாரமே வக்கீல்களின் ஊரானது. வெள்ளையர் விட்டுப்போன தோட்ட வீடுகள் சில இவர்கள் கைக்கு வந்தன. இவர்களுடைய உழைப்பையும் அறிவையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. இவர்களுடைய வீட்டுக்குள் நுழைந்து பார்க்க விரும்புகிறேன், அவ்வளவுதான்.

வீட்டின் முன்பக்கம் ஐரோப்பியப் பங்களா. போர்டிகோவில் குதிரை வண்டி, பிறகு மோட்டார் கார். ஆபீஸ் அறையில் சட்ட அறிக்கைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி. அங்கே கோட்டும் தலைப்பாகையும் அணிந்த வக்கீல் ஜமீன்தாரோடும் வெள்ளைக்கார சொலிசிட்டரோடும் ஆங்கிலத்தில் பேசுவார். அந்த அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு கதவு. அதைத் தாண்டினால் அக்கிரகாரம். கூடம், பூஜை அறை, மடியாகச் சமைக்கும் அடுக்களை, பின்கட்டு, கிணறு, கொல்லை, கொல்லைக் கதவு. கோர்ட்டிலிருந்து வந்தவர் கோட்டைக் கழற்றி, குளித்து, வேட்டி மாற்றித்தான் உள்ளே போவார். மில்டன் சிங்கர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1960களில் சென்னைத் தொழிலதிபர் குடும்பங்களை ஆராய்ந்தபோது, அலுவலகத்தையும் வீட்டையும் இப்படித் தனித்தனி அறைகளாகப் பிரித்து வைக்கும் திறமையை வியந்து எழுதினார். நவீனமும் மரபும் சண்டையில்லாமல் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன என்பது அவர் கண்ட சமாதானம். என் கருத்து, அவருடைய பார்வை கூடத்தோடு நின்றுவிட்டது. கொல்லைக் கதவு வரை போயிருந்தால் அந்தச் சமாதானத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது தெரிந்திருக்கும்.

கொல்லையில் இருந்தது எடுப்புக் கக்கூஸ். நம் இளைஞர்களில் பலர் இந்தச் சொல்லையே கேட்டிருக்க மாட்டீர்கள். மலம் விழும் இடத்துக்குப் பின்புறம் ஒரு சிறு திறப்பு இருக்கும். தோட்டி வேலை செய்பவர், பெரும்பாலும் ஒரு பெண், வீட்டுக்குள் கால் வைக்காமல் வெளியிலிருந்தே அந்தத் திறப்பு வழியாகக் கையை விட்டு எடுத்துச் செல்ல வேண்டும். அதற்காகவே வீட்டு வரிசைகளின் முதுகுப்புறம் சந்துகள் விடப்பட்டன. முன்தெருவில் தேர் போகும், பின்சந்தில் மலக்கூடை போகும். இரண்டும் சந்திக்கவே கூடாது என்பதுதான் திட்டம். கிராமத்து அக்கிரகாரத்தில் கொல்லைக்குப் பின்னால் வாய்க்காலும் வயலும் இருந்தன. ஒதுங்க வெளி இருந்தது. நெருக்கமான நகரத்தில் அந்த வெளி இல்லை. ஆகவே நகர வாழ்க்கையின் வசதிக்காகவே இந்த வேலை பெருகியது. நகராட்சி அதற்கு ஆட்களை அமர்த்தியது. தெலுங்கு பேசும் ஒடுக்கப்பட்ட சாதியினர் இதற்காகவே நகரத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். தாத்தா பார்த்த வேலை பேரனுக்கும் அதே கார்ப்பரேஷனில் காத்திருந்தது. ‘பரம்பரைத் தொழில்’ என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி நகராட்சியின் சம்பளப் பட்டியலில் பிறந்தது.

அடுக்களைக்கு வருவோம். காப்பி தென்னிந்திய மேட்டுக்குடியின் அடையாளமாக ஆனது இந்தக் காலத்தில்தான், ஆ.இரா. வேங்கடாசலபதி இதை விரிவாக எழுதியிருக்கிறார். தண்ணீர் கலக்காத பால், அப்போதுதான் இறக்கிய டிகாக்‌ஷன், பித்தளை டவரா டம்ளர், உதடு படாமல் தூக்கிக் குடிக்கும் பழக்கம். வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி கொடுப்பது மரியாதை. யாருக்கு உள்ளே கொடுப்பது, யாருக்குக் கொல்லையில் தனி டம்ளரில் ஊற்றுவது, யாருக்கு ஊற்றுவதே இல்லை என்பதில் அந்த வீட்டின் முழுச் சமூகவியலும் இருந்தது. அடுக்களையின் விதி பிறகு தெருவுக்கும் வந்தது. நகரத்தின் காப்பி கிளப்புகள் ‘பிராமணாள்’ என்று பலகை மாட்டிக்கொண்டன. பஞ்சமர்களைத் தொழுநோயாளிகளோடு சேர்த்துத் தடுக்கும் அறிவிப்புகளும் தொங்கின. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன்னால் பெரியார் அந்தப் பலகைக்கு எதிராகப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்து ஏழு ஆண்டுகள் கழித்து!

சங்கீதத்தையும் விட்டுவிட முடியாது. 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கியபின் டிசம்பர் கச்சேரி என்பது இந்த வர்க்கத்தின் சமூக நாட்காட்டியானது. மேடையில் ஒலிக்கும் மிருதங்கத்துக்குப் பசுவின் தோல், ஆட்டின் தோல், எருமையின் தோல் மூன்றும் வேண்டும். பசு அறுக்கப்படும் இடத்துக்குப் போய்த் தோலைப் பார்த்து வாங்கி, சுத்தம் செய்து, நாதம் வரும்வரை இழைத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி அய்யரின் வாசிப்பைக் கொண்டாடுகிறவர்கள் அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்துவின் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூல் எழுதித்தான் அந்தப் பெயர் பொதுவெளிக்கு வந்தது. தோல் மேடைக்கு வந்தது. தோலைச் செய்தவர் பின்வாசலோடு திரும்பிப் போனார்.

இந்த வாழ்க்கைமுறைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். ஜமீன் வழக்குகள், மிராசு வழக்குகள், நில வழக்குகள். சம்பாதித்த வக்கீல் அந்தப் பணத்தில் காவிரிப் படுகையில் நிலம் வாங்கினார். அங்கே நடவு நட்டது நம் பண்ணையாள் குடும்பங்கள். மயிலாப்பூர் வீட்டுக்கு வந்து சேர்ந்த நெல் மூட்டையும் பின்வாசல் வழியாகத்தான் வந்திருக்கும்.

1892ஆம் ஆண்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்த ஜூலையில் உயர்நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டிடம் திறக்கப்பட்டது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, செப்டம்பர் 30இல் அரசாணை எண் 1010 வந்தது. நாம் இன்று பஞ்சமி நிலம் என்று மீட்கப் போராடும் நிலங்களின் ஆதாரம் அதுதான். மிராசுதாரர் தரப்பு அதைக் கடுமையாக எதிர்த்தது. அதே ஆண்டில் சென்னை மகாஜன சபையின் கூட்டத்தில் அயோத்திதாசர் எழுந்து, எங்கள் மக்களைக் கோயிலுக்குள் ஏன் அனுமதிப்பதில்லை என்று கேட்டார். மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்க, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு எதற்கு என்ற பொருளில் அவையிலிருந்து பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும் எங்களுக்குத் தரிசு நிலமும் கொடுங்கள் என்று கேட்டதாகப் பண்டிதரே பின்னாளில் எழுதினார். நகரத்தின் மிகப் படித்த மனிதர்கள் கூடிய அவை அது. அங்கே வந்த பதில் கொல்லைக் கதவில் வருகிறவருக்குச் சொல்லப்படும் பதில்.

பிராமணரல்லாத மேட்டுக்குடி வந்தபோது கதவு திறந்ததா? இங்கே நம் இயக்கத் தோழர்கள் சிலர் வருத்தப்படக்கூடும். ஆனால் ஆவணத்தை மறைக்க முடியாது. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் சாதிக் கலவரமாக மாறியது. ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. அப்போது ஆதிதிராவிடர்களை நகருக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்த வேண்டும் என்ற யோசனை நீதிக்கட்சித் தலைமையின் வட்டாரத்திலிருந்தே அரசுக்குச் சொல்லப்பட்டது. எம்.சி. ராஜா அந்தக் கட்சியை விட்டு விலகினார். ஓரிரு ஆண்டுகளுக்குள், 1923 முதல், மயிலாப்பூரின் நீண்ட ஏரி தூர்க்கப்பட்டு ஒரு புதிய குடியிருப்பு எழுந்தது. அகன்ற சாலைகள், வட்டமான பூங்கா, தனித்தனி மனைகள். நீதிக்கட்சித் தலைவரின் பெயரால் அது தியாகராய நகர் ஆனது. சேரியை வெளியே அனுப்பச் சொன்ன வட்டாரமே ஏரியைத் தூர்த்து வீட்டு மனை போட்டது. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடங்கள் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் ரெட்டமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. தெருவில் நடக்கும் உரிமையை ஒரு தீர்மானமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் தி.நகரின் தெருக்கள் போடப்பட்டன.

மூன்றாவது மேட்டுக்குடி நம் கண்ணெதிரே உருவானது. 2000இல் டைடல் பார்க் திறந்தது. பழைய மகாபலிபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலையானது; இருபுறமும் கண்ணாடிக் கட்டிடங்கள், கேட்டட் கம்யூனிட்டிகள். அதே ஆண்டுகளில் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து பிடுங்கப்பட்ட மக்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும், பிறகு பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டிடங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். கண்ணகி நகரில் மட்டும் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். இந்த மக்களில் பெரும்பகுதி யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1921இல் யோசனையாக இருந்தது எண்பது ஆண்டுகள் கழித்து அரசுத் திட்டமானது. புதிய மேட்டுக்குடியின் பின்சந்து இப்போது சில கிலோமீட்டர் நீளம். காலையில் அங்கிருந்து பெண்கள் கிளம்பி இந்தப் பக்கத்து அடுக்ககங்களுக்கு வருகிறார்கள். வாயிலில் அடையாள அட்டை, திரும்பும்போது பைச் சோதனை, சில இடங்களில் சர்வீஸ் லிஃப்ட். கழிப்பறை வேண்டுமென்றால் கார் நிறுத்தும் தளத்தில் டிரைவர்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் என்று ஒன்று. ‘நாங்கள் சாதி பார்ப்பதில்லை, சுத்தம்தான் பார்க்கிறோம்’ என்கிறார்கள். மயிலாப்பூர் வக்கீலும் மடி என்ற சொல்லுக்கு இதே விளக்கத்தைத்தான் கொடுத்திருப்பார். அதே கண்ணகி நகர் முகவரியைப் பார்த்தால் கம்பெனிகள் வேலை கொடுக்கத் தயங்குகின்றன என்பது அங்குள்ள இளைஞர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை.

அந்த அடுக்ககங்கள் பலவற்றுக்கு நீண்ட காலம் நகரின் சாக்கடை இணைப்பே கிடையாது. கழிவுநீர்த் தொட்டியும் லாரியும்தான். அடைத்துக்கொண்டால் ஓர் ஆள் இறங்குவார். கையால் மலம் அள்ளும் வேலையை ஒழிக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடையிலும் தொட்டியிலும் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்கிறது என்றால் சாவு நிற்கவில்லை என்று பொருள். வழக்கு போடும்போது நாம் ஒப்பந்தக்காரரை மட்டும் எதிரியாக்கிவிட்டு வந்துவிடுகிறோம். தொட்டியின் சொந்தக்காரர்களான குடியிருப்போர் சங்கத்தை எதிர்மனுதாரராகச் சேர்க்கும் வழக்கம் நம்மிடையே வலுப்பட வேண்டும்.

வாடகை வீட்டைப் பற்றியும் மாணவர்களிடம் சொல்லியாக வேண்டும். அது உங்களுக்கு நாளைக்கே வரப்போகும் சிக்கல். அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் திறந்துவிட்டது. குடியிருக்கும் வீடு அந்தப் பட்டியலில் இல்லை. 2005இல், அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், தன் சமூகத்தாருக்கு மட்டும் உறுப்பினர் உரிமை என்று ஒரு கூட்டுறவுச் சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘சைவம் மட்டும்’ என்ற டு-லெட் பலகை இந்த இடைவெளியில்தான் தொங்குகிறது. இடஒதுக்கீட்டில் படித்து, நல்ல சம்பளம் வாங்கி, வீடு தேடிப் போகும் நம் பிள்ளையிடம் முதல் கேள்வி வாடகையைப் பற்றியதாக இருப்பதில்லை. என்ன சாப்பிடுவீர்கள் என்பதாக இருக்கிறது. கடைசியில் அவரும் ஒரு அடுக்ககத்தில் வீடு வாங்குகிறார். அங்கே வேலைக்கு வரும் அம்மா எந்த லிஃப்டில் ஏற வேண்டும் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வாக்கெடுப்பு நடந்தால், அவர் கை எந்தப் பக்கம் உயரும்? நம் வீடுகளிலும் இந்தக் கேள்வி நுழைந்துவிட்டது.

இந்த வரலாற்றை எழுதுவதற்கான ஆவணங்கள் நம்மிடம்தான் இருக்கின்றன. நூலகங்களில் இருப்பவை பெரும்பாலும் முன்வாசலின் ஆவணங்கள். பழைய துரை எழுதிக் கொடுத்த பட்லர் சிட்டு, ஆயாவாக இருந்த கொள்ளுப்பாட்டியின் புகைப்படம், கார்ப்பரேஷன் துப்புரவுத் துறையின் சம்பளச் சீட்டு, குடிசை மாற்று வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணை, எந்த வீட்டில் எந்த வாசல் வழியாகப் போனோம் என்ற அம்மாக்களின் நினைவு. மாணவர்கள் இந்த விடுமுறையில் ஆளுக்கொரு குடும்பத்திடம் போய் இவற்றைக் கேட்டு எழுதி வாருங்கள். மூலத்தை அவர்களிடமே விட்டுவிட்டு நகல் மட்டும் எடுத்து வாருங்கள். வீட்டின் வரைபடத்தையும் வரையச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். கொல்லைக் கதவு எங்கே இருந்தது, அதற்கு அப்பால் உள்ளே போக முடிந்த தூரம் எவ்வளவு என்று அவர்கள் கையாலேயே குறித்துத் தரட்டும்.